விளக்குக்கு இரண்டு மா

காவிரிப் பாசனத்து ஊர்களை விட்டுப் பட்டணங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வத்தைச் சென்று கும்பிடுவதோடு ஊர்த்தொடர்பு முடிந்துவிடுகிறது. அபிஷேகம் செய்வார்கள், அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டலில் மதிய உணவு முடித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கோயிலிலிருந்து ஐந்தாறு கல் தொலைவில் தாம் பிறந்த வீடு இருக்கும். அந்தப் பக்கம் வண்டி திரும்புவதில்லை. நேரமில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம் வீட்டுக்கு வீடு வேறு.

2025ஆம் ஆண்டு தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கு முதல் நாள், விடியற்காலை 4 மணிக்குச் சென்னை மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வேன் புறப்பட்டது. அதில் எட்டுப் பேர். 79 வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவருடைய மனைவி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, எட்டாம் வகுப்புப் பேரன் ஆகியோருடன், பெரியவரின் தங்கையும் அக்காளும் வந்தனர். தங்கைக்கு வயது 73. அக்காளுக்கு 83.

பயணத் திட்டம் பேத்தியுடையது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தவர் என்று அவள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். தாத்தாவும் அவருடன் பிறந்தவர்களும் பேரளத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் இடையே உள்ளடங்கிய ஒரு சிற்றூர், அவர்களைப் பெற்ற தாயார் ஆக்கூர், பாட்டி திருவாரூர். குலதெய்வம் வைத்தீஸ்வரன்கோவில். தாத்தாவுக்கு அடுத்த ஆண்டு நடக்கவேண்டிய சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூரில் விசாரித்து வரவேண்டிய வேலையும் இருந்தது. எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கும் ஊர்கள். மூன்று நாள் போதும் என்று அவள் கணக்கிட்டாள். இளையவர்கள் இப்படிக் கேட்கும்போது மூத்தவர்கள் மறுக்கக் கூடாது. மறுமுறை கேட்பார்களா என்பது நிச்சயமில்லை.

மூத்த அக்காள் மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார். “வைத்தியநாதரைப் பார்க்க வருகிறேன். ஆக்கூருக்கும் வருகிறேன். நம் ஊரில் மட்டும் என்னை வண்டியை விட்டு இறங்கச் சொல்லாதீர்கள்.” தம்பி ஒன்றும் கேட்கவில்லை; அவருக்குக் காரணம் தெரியும். தங்கைக்குத் தெரியாது, மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார். அக்காளின் மடியில் ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது. வழியெல்லாம் அதை அவர் கீழே வைக்கவில்லை.

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடப் பாலம் ஏறியதும் பேச்சு நின்றது. மூவரும் ஒருசேரக் கைகூப்பினர். பேரன் வெளியே எட்டிப் பார்த்து, “கோயில் எங்கே?” என்றான். “ஆறுதான்” என்றார் தாத்தா.

வைத்தீஸ்வரன்கோவிலில் கூட்டம் அதிகமில்லை. தேவாரம் புள்ளிருக்குவேளூர் எனப் போற்றும் இத்தலத்தைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. வைத்தியநாதர், தையல்நாயகி, செல்வமுத்துக்குமாரர் சந்நிதிகளில் தரிசனம் முடிந்து, சித்தாமிர்தக் குளத்துப் படியில் அமர்ந்தபோதுதான் மூவருக்கும் பழைய நாள்கள் திரும்பின. அந்தக் காலத்தில் பேரளத்தில் ரயிலேறி மாயவரம் வழியாக இங்கே வருவார்கள். தாயார் கையில் உப்பும் மிளகும் ஒரு பொட்டலம், வெல்லம் ஒரு பொட்டலம். உடம்பில் பரு, மரு, கட்டி எது வந்தாலும் ‘வைத்தியநாதனுக்கு முடிந்து வை’ என்பதுதான் அவர் அறிந்த முதல் மருத்துவம். இரண்டாவது மருத்துவம் திருச்சாந்துருண்டை. அது கசக்குமா இனிக்குமா என்று பேரன் கேட்டதற்கு மூவரும் மூன்று விடை கூறினர். கோயில் அலுவலகத்தில் வாங்கி அவன் வாயில் ஒன்று போட்டார்கள். அவன் நான்காவதாக ஒரு விடை கூறினான்.

அன்றிரவு மயிலாடுதுறையில் தங்கினர். மூத்தவர்கள் மூவருக்கும் அது இன்னமும் மாயவரம்தான். ஐப்பசி மாதம் முழுவதும் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு எனத் தங்கை ஒவ்வொன்றாகச் சொல்லப் பேத்தி கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பேரளம் கடந்ததும் இருபுறமும் சம்பா முற்றிப் பொன்னிறமாகச் சாய்ந்து கிடந்தது. சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. சாலையில் ஒரு பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் முணுமுணுத்தார், பெரியவர் அவரை அடக்கினார். “நெல் காய்கிற சாலையில் நாம்தான் ஒதுங்கவேண்டும், தம்பி.”

சிற்றூரின் மேலத்தெருவில் வண்டி நின்றது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அதைப் போன்ற ஊர்கள் அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு சிவன் கோயில், ஒரு பெருமாள் சந்நிதி, ஒரு ஐயனார், ஒரு குளம், நான்கு தெரு. மூத்த அக்காள் ஜன்னலோரம் அசையாமல் அமர்ந்திருந்தார். மற்றவர்கள் இறங்கினார்கள்.

வீடு பாதி அடையாளம் தெரிந்தது. ஓட்டுக்கூரை போய்க் காரைத்தளம் வந்திருந்தது. முற்றத்துக்கு மேலே இரும்புத் தகடு. கிணற்றை மூடி மோட்டார் வைத்திருந்தார்கள். வாசல் திண்ணையில் வலப்பக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. இடப்பக்கத்தை இடித்து டிராக்டர் நிறுத்த வழி செய்துவிட்டார்கள். வீட்டை வாங்கியவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, பெரியவரின் அக்காளைவிட மூத்தவர், கண் பார்வை மங்கிய நிலையில் கூடத்துக் கட்டிலில் இருந்தார். யார் வந்திருப்பது என்று மகன் உரக்கச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, “பெரிய வீட்டு ஐயாவா? சின்னாச்சியும் வந்திருக்கிறார்களா?” என்று தடவிப் பார்த்துத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். மோர் வந்தது. பழைய கதைகள் வந்தன. மாடு, மழை, மாண்டுபோனவர்கள். பிறகு அந்த மூதாட்டி எவ்விதக் கள்ளமும் இல்லாமல் சொன்னார்:

“உன் கல்யாணத்துக்காகத்தானே ஆச்சி, ஐயா இந்த வீட்டை அவசரமாகக் கொடுத்தார்கள். வைகாசியில் பத்திரம், ஆனியில் முகூர்த்தம். விளக்கு நிலத்தையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. இவருக்கு அதில் மனக்குறைதான். ஆனால் துண்டாக விட்டால் தண்ணீர்ப் பாய்ச்சலுக்கு வழியில்லை என்றார்கள்.”

தங்கை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மோர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கரையேறிய பெரும்புயல் அந்தப் பகுதியையே புரட்டிப்போட்டது. அந்த இரவில் மேலத்தெரு வீடுகளின் ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் ஊரே சிவன் கோயில் கல்மண்டபத்தில் அடைந்தது. மூத்தவளுக்கு அப்போது 11 வயது, தம்பிக்கு 7, தங்கை கைக்குழந்தை. கருவறை வாசலில் ஒற்றை அகல். காற்று திசைமாறும்போதெல்லாம் அவர்களுடைய பாட்டனார் அதன் முன் குறுக்கே உட்கார்ந்து, மேல்துண்டை விரித்துப் பிடித்து, விடியும்வரை அணையாமல் காத்தார். விடிந்தபோது தெருவில் பாதி இல்லை. மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர்க்கும் ஊறில்லை. அன்றே அவர், கோயிலை ஒட்டிய தம் நிலத்தில் இரண்டு மாவின் விளைச்சலை அந்திவிளக்குக்கு ஒதுக்கினார். இதே இரவைப் பற்றிக் கேட்டால் தம்பிக்கு நினைவிருப்பது, தன் முதுகில் சாய்ந்து உறங்கிய ஒரு வெள்ளாடு மட்டுமே.

இரண்டு மா என்பது இளைய வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர். ஆகவே இரண்டு மா 66 சென்ட் அளவாகும். ஒரு விளக்குக்கு அது தாராளம். ஆனால் பாட்டனார் அதை எழுதி வைக்கவில்லை. வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்த காலம். பட்டா குடும்பத்தின் பெயரிலேயே நின்றது. தர்மம் செய்தவர்களில் எத்தனையோ பேர் இந்த ஓரிடத்தில் அசட்டையாக இருந்துவிட்டார்கள்; அதன் பலனைக் கோயில்கள் இன்று அனுபவிக்கின்றன. கல்வெட்டில் ஆடு இத்தனை, நெய் இத்தனை என்று வெட்டிவைத்த சோழர்கால மனிதர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

தகப்பனார் 1973இல் கடனோடு காலமானார். 1976இல் தங்கைக்கு நல்ல இடம் அமைந்தது. தம்பி அப்போது ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடன்காரர்களும் கல்யாணமும் ஒன்றாக நின்றபோது வீட்டையும் நிலத்தையும் விற்றார். வங்கியில் கடன் வாங்கியதாகத் தங்கையிடம் சொல்லிவிட்டார். சீர்காழியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காளுக்குப் பத்திரம் முடிந்த பிறகே செய்தி போயிற்று. அவர் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “வீட்டை விற்றது உன் உரிமை, விளக்கை விற்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?” அதன்பின் அந்த ஊரின் மண்ணை அவர் மிதிக்கவில்லை. 48 ஆண்டுகள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாவற்றிலும் அக்காளும் தம்பியும் சந்தித்தார்கள். மரியாதைக் குறைவு ஒருநாளும் இல்லை. பேச்சு மட்டும் தேவையான அளவோடு நின்றது. தங்கைக்கு உண்மையைச் சொன்னால் அவள் வாழும் வீட்டில் நிம்மதியாக இருக்கமாட்டாள் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். தம்பி செய்தது தவறா என்று கேட்டால் எளிதாக விடை கூற முடியாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது 31 வயது இளைஞன் எந்த விளக்கைக் காப்பான்?

தங்கை எழுந்து நேரே வண்டிக்கு வந்தார். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் இருவரும் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஓட்டுநர் நாகரிகம் அறிந்தவர், இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். பிறகு வண்டியின் கதவு திறந்தது. மூத்தவர் முதலில் மூட்டையைத் தங்கையிடம் கொடுத்தார். அப்புறம் பேத்தியின் தோளைப் பற்றி, ஒரு காலை வைத்து, மறுகாலை வைத்து இறங்கினார். குனிந்து தெருமண்ணை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோயிலை நோக்கி நடந்தார்.

விசுவநாதர், விசாலாட்சி. பாடல் பெற்ற தலமன்று. பெயர் சொல்லி யாரும் தேடி வரும் தலமுமன்று. விமானத்தில் அரசு முளைத்திருந்தது. அறநிலையத் துறையின் ஒருகாலப் பூஜைத் திட்டத்தில் அந்தக் கோயிலும் உண்டு. கோயில் பெயரில் அப்போது இரண்டு லட்சம் ரூபாய் வைப்புநிதி இருந்தது. அதன் வட்டியில் ஒருவேளைப் பூஜை. அர்ச்சகர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை 2021இல் வந்தது. இவை இல்லாவிட்டால் இத்தகைய கோயில்களின் கதவே திறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் இரண்டு லட்சத்துக்கு ஆறு விழுக்காடு வட்டி என்றால் மாதம் ஆயிரம் ரூபாய். அதில் அரிசி, எண்ணெய், திரி, பூ எல்லாம் அடங்கவேண்டும். இளம் குருக்கள் நான்கு ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்பவர். காலை 9 மணிக்கு இருசக்கர வண்டியில் வந்து, நிவேதனம் முடித்து, அடுத்த ஊருக்குப் போவார். அந்தியில் கோயில் பூட்டியே இருக்கும். வந்தவர்களுக்காக அன்று சிறிது நேரம் தங்கினார்.

தீபாராதனை முடிந்ததும் மூத்தவர் கல்மண்டபத்தில், பாட்டனார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே அமர்ந்து, மூட்டையைப் பிரித்தார். 1976 முதல் அவர் தம் சிறுசேமிப்பிலிருந்து பழைய குருக்களுக்கு மாதந்தோறும் எண்ணெய்க்கென மணியார்டர் அனுப்பிவந்தார் என்பது அப்போதுதான் தம்பிக்குத் தெரிந்தது. 1998இல் அந்தக் குருக்கள் சிவபதம் அடைந்தார். பணம் திரும்பி வந்தது. 1999 ஜனவரியிலிருந்து அந்தத் தொகையை மாதம் தவறாமல் இந்தத் துணியில் முடிந்து வைத்தார். பத்து ஆண்டு மாதம் 25 ரூபாய். அடுத்த எட்டு ஆண்டு 50 ரூபாய். அதற்கடுத்த எட்டு ஆண்டு 100 ரூபாய். சில்லறை சேரச்சேர முன்பெல்லாம் மருமகளிடம் கொடுத்து ஐந்நூறு ரூபாய்த் தாளாக மாற்றி வைப்பார். சாமி காசை எண்ணிப் பார்ப்பதில்லை.

மகன் எண்ணினார். நூறும் ஐம்பதும் பத்தும் நாணயமுமாக 12,900 ரூபாய். அதற்கடியில் நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஒன்பது. எல்லாம் பழைய தாள்கள்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு செல்லாதென அறிவிக்கப்பட்டவை. வங்கிகளில் செலுத்த அவ்வாண்டு டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. அந்த நாள்களில் அவர் வீட்டிலும் அஞ்சறைப் பெட்டி முதல் அரிசிப் பானை வரை தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கட்டினார்கள். சாமி மூட்டையை யாரும் நினைக்கவில்லை. அதன்பின் வந்த சட்டப்படி அத்தகைய தாள்களைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். ஒன்பது என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் 4,500 ரூபாய் வெறுங்காகிதம். முதியவர்கள் உள்ள வீடுகளில் இன்றும் இப்படி எத்தனை முடிச்சுகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றனவோ. பிரார்த்தனைப் பணத்தை ஆண்டுக்கொருமுறையாவது எடுத்துப் பார்ப்பதால் தெய்வக் குற்றம் ஏதும் நேராது.

மகன் மெதுவாக விளக்கினார். மூத்தவர் ஒரு தாளை எடுத்து இருபுறமும் பார்த்தார். “எல்லாரும் மாற்றினார்களே, இதை யாரும் கேட்கவில்லையே” என்றார். குரலில் கோபமில்லை, சிறுபிள்ளை பொருளைத் தொலைத்தது போன்ற திகைப்பு.

தம்பி சட்டைப் பைக்குள் கையை விட்டார். “உன் பணம் வேண்டாம்” என்றார் அக்காள், நிமிர்ந்து பாராமலே. கை பைக்குள்ளேயே நின்றது.

அப்போது தங்கை முன்னால் நகர்ந்து, அந்த ஒன்பது தாளையும் எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். பதிலுக்குப் பையில் இருந்ததை எண்ணினார், ஆயிரம் குறைந்தது. மருமகளிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார். “என் கழுத்தில் தாலி ஏறியதற்காக இங்கே அணைந்த விளக்கு இது. இத்தனை நாள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். இதையாவது என்னைச் செய்ய விடு, அக்கா.”

மூத்தவர் பதில் சொல்லவில்லை. மஞ்சள் துணியை இரு கையாலும் விரித்து நீட்டினார். தங்கை பணத்தை அதில் வைத்தார். துணி இன்னும் விரிந்தே இருந்தது. சிறிது பொறுத்து, முகத்தைத் தம்பி பக்கம் திருப்பினார். “என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்? நீ என்ன போடப்போகிறாய்?”

79 வயதுப் பெரியவர் எழுந்து கொடிமரத்தருகே சென்று, வெகுநேரம் விமானத்து அரசமரத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்.

பிறகு கணக்கு நடந்தது. மகனும் குருக்களும் உட்கார்ந்து போட்டார்கள். அந்தி தொடங்கி அர்த்தசாமம் வரை ஓர் அகல் எரிய நாளொன்றுக்கு 50 மில்லி நல்லெண்ணெய். மாதம் ஒன்றரை லிட்டர். ஏறத்தாழ 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200. மூட்டையில் இருந்த 17,400 ரூபாயை ஆறரை விழுக்காடு வட்டியில் இட்டால் மாதம் 94 ரூபாய்தான் வரும். ஐந்து நாள்கூட விளக்கு எரியாது. 7,200 வட்டி வர முதல் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குச் சற்றே மேல் வேண்டும். விலையேற்றத்தையும் கருதி 1,20,000 என்று வைத்தார்கள். மீதி 1,02,600 ரூபாய்க்குப் பெரியவர் காசோலை எழுதினார்.

காசோலையைக் குருக்கள் கையில் வாங்க மறுத்தது சரியான செயல். கட்டளை வைக்க விரும்புவோர் அதைக் கோயிலின் செயல் அலுவலரிடம், கோயில் பெயருக்கே செலுத்தி, இன்ன காரியத்துக்கு, வட்டி மட்டும் செலவழிய என்று எழுத்தில் கொடுத்து, முறையான ரசீது பெறவேண்டும். அன்று பிற்பகலே அலுவலரைச் சந்தித்து மகன் அதைச் செய்தார். ரசீதின் ஒரு நகல் அக்காளிடம், ஒரு நகல் தங்கையிடம். அந்தியில் வந்து விளக்கேற்ற, வீட்டை வாங்கியவரின் பேத்தி, பத்தாம் வகுப்புப் படிப்பவள், தானாகவே ஒப்புக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமையாதலால் முதல் விளக்கை இவர்கள் ஏற்றிவிட்டே கிளம்புவது என முடிவாயிற்று. இதனால் திருமீயச்சூர் லலிதாம்பிகை தரிசனமும் திருவாரூரும் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. மூன்று நாள் பயணம் நான்கு நாளானது. பெரியவரின் மனைவிக்கு மட்டும் சிறு வருத்தம். கமலாலயக் கரையில் அந்தி நேரத்தில் உட்காரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். மறுநாள் உச்சிவெயிலில்தான் உட்கார முடிந்தது. எனினும் தியாகராஜப் பெருமானின் சந்நிதியில் ஒரு மணி நேரம் கிடைத்தது; குளம் ஐந்து வேலி, கோயில் ஐந்து வேலி என்பதைப் பேரன் ஏக்கரில் பெருக்கிப் பார்த்து, முப்பத்துமூன்று வந்ததும் வாயைப் பிளந்தான்.

நான்காம் நாள் ஆக்கூர். தாயார் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு திருமண மண்டபம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. தான்தோன்றீசர் கோயிலுக்கு நடந்தார்கள். கோச்செங்கட்சோழன் எடுப்பித்த மாடக்கோயில்களில் ஒன்று. சிறப்புலி நாயனார் அவதரித்த பதி. அம்பிகை வாள்நெடுங்கண்ணி. கோயில் எழும்பும்போது சுவர் நில்லாமல் சரிந்ததாகவும், ஆயிரம் அந்தணர்க்கு நாற்பத்தெட்டு நாள் அன்னமிட்டால் நிற்கும் என அசரீரி எழுந்ததாகவும் தலபுராணம் கூறும். நாள்தோறும் ஆயிரம் இலை போட்டும் 999 பேரே வந்தார்கள். ஓர் இலை மிஞ்சியது. கடைசி நாளில் முதியவர் ஒருவர் வந்து அந்த இலையில் அமர்ந்தார். ‘எந்த ஊர்?’ என்று கேட்டதற்கு ‘யாருக்கு ஊர்?’ என்று திருப்பிக் கேட்டாராம்; அதுவே ஆக்கூர் ஆயிற்று என்பர். ஆயிரத்தில் ஒருவராக வந்த பெருமானின் திருமேனி அங்கே இருக்கிறது. தங்கள் தாயார் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் ஓர் இலை கூடுதலாகப் போடுவார் என்றும், அதில் சாப்பிட எவரேனும் வராமல் இருந்ததே இல்லை என்றும் மூத்தவர் கூறினார். பெரும்பாலும் அந்த இலை தபால்காரருக்குத்தான் போய்ச் சேரும் என்று தம்பி சேர்த்துக்கொண்டார்.

பழைய ரயில் நிலையம் இருந்த பக்கமும் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்குப் போன பாதை 1926இல் தொடங்கி 1986இல் நிறுத்தப்பட்டது. கோடை விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொரு முறையும் தாய்வழிப் பாட்டனார் முறுக்குத் தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டு, வண்டி புறப்படும் வேளையில் அதை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே ஓடி வருவார். அவருக்காக ஒருநாள் வண்டியையே நிறுத்தினார்கள். இதுவரை அக்காளுக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

“கார்டு சிவப்புக் கொடி காட்டினார்” என்றார் அக்காள்.

“கார்டு எங்கே காட்டினார்? இன்ஜின் டிரைவர்தான் அவரைப் பார்த்து நிறுத்தினார். நான் ஜன்னலில் இருந்தேன்.”

“நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.”

“அது அதற்கு முந்திய வருஷம்.”

பேத்தி இருவரையும் மாறிமாறிப் பதிவு செய்தாள். தங்கை, தமக்கு அப்போது மூன்று வயது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வேன் திருக்கடையூர் சந்நிதித் தெருவில் போய் நிற்கும் வரையிலும் கார்டா டிரைவரா என்பது முடிவாகவில்லை.